ஐம்பது படுக்கை இல்லம்

1973 ஜனவரி 8
எழுபது வயது தாண்டியவர்களுக்கு இனி வைத்தியச் செலவு இல்லை. காலையிலிருந்து அட்டை கொடுத்துக் கை வலிக்கிறது. கல்யாணத்துக்கு வருவதுபோல நல்ல கிமோனோ உடுத்தி வந்திருந்தார்கள். ஒரு பெரியவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்குத் திருப்பிக் கேக்க மாட்டீங்களே?" என்றார். எங்கள் நகராட்சி நலப்பிரிவே சிரித்தது.

அடுத்தது, படுக்கையோடு கிடக்கும் முதியவர்களுக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐம்பது படுக்கை இல்லம். மேயர் கையெழுத்துப் போட்டாயிற்று. நான் அம்மா என்று கூப்பிடும் என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்து நாலு மாதம். பகலில் பக்கத்து வீட்டு ஹருஎ அக்கா பார்த்துக்கொள்கிறார், எத்தனை நாளைக்கு? இல்லம் திறந்தால் என் வேலை தப்பும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? உங்களைக் கொண்டுபோய் விடப்போகிறேன் என்றா?

ஜனவரி 20
இவரிடம் சொன்னேன். "பெத்த அம்மாவ வெளியே தள்ளுறதா? ஊர் சிரிக்காதா?" சோறு அப்படியே ஆறிப்போனது.

நவம்பர் 12
அரபு நாடுகள் பெட்ரோலிய எண்ணெய் விலையை ஏற்றிவிட்டன; எல்லாம் தீர்ந்துபோகும் என்று ஊரே பயப்படுகிறது. கழிப்பறைக் காகிதத்துக்கு இரண்டு மணி நேர வரிசை. பிரிவுத் தலைவர் நாகமினே என்னிடம், "இல்லம் கொஞ்சம் தள்ளிப் போகும், ஓகினோ" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு?

1974 பிப்ரவரி 19
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று இன்று தெரிந்தது.

மேசை மேசையாகச் சுற்றும் கோப்பு என்னிடம் வந்தது. இல்லம் நிறுத்திவைப்பு; அந்த இடம் தொழிற்சாலைச் சாலைக்கு. சம்மதம் என்று எல்லோரும் அவரவர் பெயர் முத்திரையை வைத்திருந்தார்கள். நான் என்னுடையதைத் தலைகீழாக வைத்தேன். மனமில்லாமல் வைக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அலுவலகத்தில் அது எல்லோருக்கும் தெரியும்.

நாகமினே கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "கை தவறிடுச்சோ?"

"இல்லைங்க."

"தலைகீழா நின்னாலும் முத்திரை முத்திரைதாம்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு அனுப்பினார். கோபமாகக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

வைக்காமலே இருந்திருக்கலாமே. ஏன் வைச்சேன்? பயம், வேற என்ன.

மார்ச் 30
ஹருஎ அக்கா மகன் வீட்டோடு போகிறார்; இனி பகலில் அம்மாவைப் பார்க்க ஆளில்லை. என் பதினெட்டு வருஷ வேலை இன்றோடு முடிந்தது. மேசை இழுப்பறையில் இருந்தது ஒரு பைக்குள் அடங்கிவிட்டது.

1979 செப்டம்பர் 15
ஐந்து வருஷமாக இந்த நோட்டில் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? கஞ்சி, துணி, முதுகுப் புண்.

இன்று முதியோர் தினம். நகராட்சி எனக்கு 'முன்மாதிரி மருமகள்' விருது கொடுத்தது. நாகமினே, இப்போது துணை மேயர், சான்றிதழோடும் புகைப்படக்காரரோடும் வீட்டுக்கே வந்தார். "அரசாங்கமே இப்ப சொல்லுது, குடும்பந்தான் நம்ம நாட்டோட சொத்துன்னு. இல்லம் கில்லமெல்லாம் மேல்நாட்டுக்காரங்களுக்கு" என்றார். நான் தேநீர் ஊற்றினேன்.

பிறகு படுக்கைப் பக்கம் குனிந்து, "என்ன பாட்டிம்மா, மருமக கையால சாப்பிடறதுதானே சந்தோஷம்?" என்று சத்தமாகக் கேட்டார்.

அம்மாவுக்கு வாய் கோணினாலும் புத்தி கோணவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "காது நல்லா கேக்குது. அந்த இல்லத்தக் கட்டியிருந்தா நான் போயிருப்பேன். இவ ஆபீஸ் போயிருப்பா. என்னை யாராச்சும் கேட்டீங்களா?"

புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். நாகமினே சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தேநீரைக் குடிக்காமலே கிளம்பினார்கள்.

மதியம் கஞ்சி ஊட்டும்போது கேட்டேன்: "அப்பவே ஏம்மா சொல்லல?"

"இல்லம் வரப்போகுதுன்னு ஹருஎ சொல்லித்தான் எனக்கே தெரியும். நீ வந்து கேப்பேன்னு இருந்தேன்."

மீதிக் கஞ்சியையும் குடித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார்.