இரண்டறைப் பூ, மூன்றறைக் காய்

மார்ச் 4, செவ்வாய்

உலர்செடிக் காப்பகத்தில் மூன்று மணி நேரம். நாற்பது தாள்களுக்கு உறை மாற்றினேன். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் உள்ளே விடுகிறார்கள். காய்ந்த செடிகளோடு என்னையும் ஒரு மாதிரியாக வைத்துக்கொண்டார்கள் போலும்.

மதியம் ஒரு கடிதம். வேறு நிறுவனத்தில் ஆய்வு செய்யும் பெண், நேரில் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடம் முன்பு நான் புது இனம் என்று அறிவித்த செடியின் மூலத்தாளை, அதாவது அந்தப் பெயர் எந்த மாதிரியை நம்பி நிற்கிறதோ அந்தத் தாளை, படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். போன மாதமே அனுப்பிவிட்டேன். இன்றைய கடிதத்தில் ஒரே கேள்வி. பூவின் சூலகத்தில் அறை இரண்டு, காயில் மூன்று. எப்படி?

சூலகம்தானே முற்றிக் காயாகிறது. இரண்டு எப்படி மூன்றாகும்? நான் இந்த வினோதத்தைத்தான் புதுமை என்று எழுதினேன்.

மார்ச் 5

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பூ ஒரு கிளையில், காய் இன்னொரு கிளையில். இலை நரம்புகூட ஒத்துப்போகவில்லை. இரண்டுமே ஊரறிந்த செடிகள். இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, இல்லாத ஒரு செடியை உண்டாக்கியிருக்கிறேன்.

அந்த இல்லாத செடிக்குத்தான் நெட்டையின் பெயர்.

மார்ச் 6

தூங்கவில்லை என்று எழுதினால் மிகை. தூங்கினேன். விழித்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

நெட்டை என் நண்பன். எங்களுக்காக மலையேறிச் செடி சேகரித்தவன். பூவோடு மட்டும் ஒருமுறை வந்தான். காய் இல்லாமல் எதையும் உறுதி செய்ய முடியாது, காயோடு வா என்று மறுபடி அனுப்பியவன் நான். செடிக்கட்டு மட்டும் இறங்கி வந்தது. அவன் பாறையிலிருந்து விழுந்துவிட்டான். கட்டை நான்தான் பிரித்தேன். பெயர் வைப்பதைத் தவிர அவனுக்கு என்ன செய்ய முடிந்தது என்னால்?

மார்ச் 10

அந்தப் பெண் கட்டுரையின் வரைவை அனுப்பியிருக்கிறாள். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் ஒரு வரி: "சேகரித்தவர் இரு செடிகளைக் குழப்பியிருக்கலாம்." நானே திருத்தம் எழுதினால் அவள் தன்னுடையதை நிறுத்திக்கொள்வாளாம். மாத முடிவு வரை அவகாசம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயரும் போகும், பழியும் அவன் மேல் விழும்.

மனைவியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். "கல்யாணத்துக்குக்கூட ஒரு வாரம் யோசிச்சுத்தான் சரின்னீங்க. இதுக்கு மாசக் கடைசி வரைக்கும் பத்தாது உங்களுக்கு" என்றாள். பிறகு, "முதல்ல அவங்க வீட்டுல போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மார்ச் 13

நெட்டையின் மனைவி வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் குடித்தேன். வந்துவிட்டேன்.

மார்ச் 14

கோழை.

மார்ச் 17, திங்கள்

இன்று சொல்லிவிட்டேன். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தேன், உட்கார்ந்தால் நின்றுவிடும் என்று பயம். தாளில் இருப்பது இரண்டு செடி, புது இனம் என்று ஒன்று இல்லை, பெயர் நிற்காது என்றேன்.

அவள் கேட்டாள்: "அப்ப அவர் தப்பாப் பறிச்சிட்டாரா அண்ணா?"

தெரியாது என்றேன். அது உண்மை. அதைச் சொல்லும்போது உள்ளூர ஒரு நிம்மதி இருந்ததும் உண்மை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எழுந்து போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து அவனுடைய சேகரிப்புக் குறிப்பேட்டை எடுத்து வந்தாள். விழுந்தபோது அவன் சட்டைப் பையில் இருந்ததாம். இது இருப்பதே எனக்குத் தெரியாது. ஏன் இத்தனை நாள் தரவில்லை என்றேன்.

"யாரும் கேக்கலையே."

கடைசிப் பக்கம். பென்சில். ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. "217, பூ. 218, காய். பத்தடி தள்ளி. பார்க்க ஒன்றுபோல் இருக்கிறது. வேறு செடி. சேர்க்க வேண்டாம்."

மார்ச் 18

218 என்ற சீட்டு ஞாபகம் வருகிறது. காய்க் கிளையில் நூலால் கட்டியிருந்தது. காய் கேட்டேன், காய் வந்திருக்கிறது, ஒரே செடிக்கு இரண்டாவது எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தேகப்படுகிற நான்! கத்தரித்தேன். அவன் அவ்வளவு தெளிவா எழுதி வச்சிருக்கான்டா, நீ அதைப் பார்க்கல, அவன் சீட்டையே வெட்டிப் போட்டுட்டே.

மார்ச் 24

திருத்தம் முடிந்தது. ஒன்றரைப் பக்கம். ஆறு முறை எழுதினேன். முதல் ஐந்திலும் "ஒட்டப்பட்டுவிட்டது" என்றே வந்தது, யாரோ ஒட்டியதுபோல. ஆறாவதில்: "சேகரித்தவர் இரண்டையும் தனித்தனியே எண்ணிட்டு, சேர்க்க வேண்டாம் என்றும் குறித்திருந்தார். அவருடைய சீட்டை நீக்கி, இரண்டையும் ஒரே தாளில் ஒட்டியவன் நான்."

அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் உடனே பதில் போட்டாள்: என் வரைவைக் கிழித்துவிட்டேன் சார்.

ஜூலை 9, புதன்

திருத்தம் அச்சில் வந்துவிட்டது. நெட்டையின் மனைவி காப்பகத்துக்கு வந்தாள், முதல் தடவையாக. பெயர் எங்கே என்றாள். பட்டியலைக் காட்டினேன். ஊரறிந்த அந்த இரண்டு செடிகளில் ஒன்றின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், அவன் பெயர். பெயரிட்டவன் என்பதால் அதை ஒட்டி என் பெயரும். எங்கள் வழக்கத்தில் செல்லாத பெயரையும் அழிப்பதில்லை, கீழே இறக்கி வைப்போம் என்றேன்.

திருத்தத்தை அவளே படித்தாள், விரல் வைத்து, மெதுவாக. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். குறிப்பேட்டு வரி வந்த இடத்தில் விரல் நின்றது.

"அவசரப்பட்டு ஏறினார், அதான் விழுந்தார்னு எல்லாரும் சொன்னாங்க. முப்பது வருஷமா நானும் அதையேதான் சொல்லித் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். "நின்னு நிதானமா எழுதியிருக்காரே அண்ணா."

ஒரு பிரதி கேட்டாள். இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.