பாதியில் நிற்கக் கூடாத வேலை

செவ்வாய்க்கிழமை, இரவு

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தெருவில், பழைய பட்டறை ஒன்று இரும்புச் சாமான் கழுவிக் கொட்டிய கரைப்பான் நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. பாக்டீரியாவைக் கொண்டு அதைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. நாளை வெல்லப்பாகை இரையாக மண்ணுக்குள் இறக்கி, மண்ணிலேயே இருக்கும் பாக்டீரியாவைப் பெருக்குவதாகத் திட்டம்.

மதியம் ஆய்வக முடிவு வந்தது. இங்குள்ள பாக்டீரியா அந்தக் கரைப்பான் விஷத்தைப் பாதிவரைதான் உடைக்கும். பாதி உடைந்தது முதலில் இருந்ததைவிடக் கொடியது. மீதியையும் உடைக்கும் இனத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். இந்த உப்புத் தண்ணீரில் அது பிழைக்குமா என்றும் பார்க்க வேண்டும். மாதங்கள் ஆகும்.

மேலாளர் போனில், "பாகை ஊத்தி ஆரம்பிச்சிடுப்பா, ஜனங்க பார்த்துட்டே இருக்காங்க" என்றார். மாட்டேன் என்றுவிட்டேன்.

அதே தெருவில், விஷத்தால் கிணறு பூட்டிக் கிடக்கும் சுலைகா வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன்.

"நாளைக்குன்னுதானே சொன்னீங்க சார்? இன்னும் எத்தினி நாளு குடம் தூக்கறது?"

"பாதியில நின்னுட்டா இப்ப இருக்கறதவிட மோசமாயிடும்மா."

"துபாய்லேர்ந்து எங்க வீட்டுக்காரரு போன் பண்ணா என்னன்னு சொல்றது?"

"நான்தான் நிறுத்திட்டேன்னு சொல்லுங்க."

"உங்க பேரே தெரியாதே சார்."

இத்தனை நாளும் அவர் வாசல் வழியாகத்தான் போய்வந்திருக்கிறேன். பேரைச் சொன்னேன். ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கோபம் தீரவில்லை. ஆனாலும் வழியனுப்பப் படிவரை வந்து நின்றார்.

இந்நேரம் என் பேர் துபாய்வரை போயிருக்கும். போகட்டும். கண் சொக்குகிறது.