இடது பக்கம் திரும்பாத வண்டி

சாமந்தி வாசம் சட்டையை விட்டுப் போகாத என் அப்பாவுக்கு,

வண்டி வாங்கிவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. கறுப்பு நிறம், நூறு சிசி. மொபெட் என்று நினைத்துவிடாதே, நிஜமான மோட்டார் சைக்கிள். நம் அடி அண்ணாமலை கிராமத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற முதல் பெண் உன் மகள்தான். எழுதும்போதே சிரிப்பு வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது.

நீ போன பிறகு பூவை டவுனுக்குக் கொண்டுபோவதுதான் பெரிய பாடாக இருந்தது. உன் சைக்கிளை மூட்டையோடு மிதிக்க எனக்குத் தெம்பில்லை. பஸ்ஸை நம்பினேன். பஸ் வந்து, கண்டக்டர் மனம் வைத்து மூட்டையை ஏற்றி, கடைவீதி போய்ச் சேர்வதற்குள் மல்லி மொட்டெல்லாம் வாய் திறந்துவிடும். மலர்ந்த பூவை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? பாதி நாள் போன மூட்டை அப்படியே திரும்பி வந்தது.

சித்தப்பா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உன் தம்பியைக் குறை சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஒருநாள் வீட்டுக்கு வந்து, "பொட்டப்புள்ள தனியா எத்தினி நாளிக்கு இழுத்துக்கினு இருப்ப? தோட்டத்த என்கிட்ட உட்டுடு. உங்களுக்கு வேண்டியத நான் செய்யறேன்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். என் வாய்தான் சும்மா இருக்காதே!

"பொங்கலுக்குள்ள நானே வண்டி வாங்கி, நானே ஓட்டிக்கினு பூ கொண்டு போவேன் சித்தப்பா. முடியலன்னா தோட்டத்த நீங்களே வச்சுக்கங்க."

சொல்லிவிட்டேனே தவிர, கிளட்ச் எந்தக் கையில் இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

லாரி ஓட்டும் முனுசாமி மாமாதான் லோடு இல்லாத நாட்களில் தன் ஓட்டை பைக்கைக் கொடுத்துக் கற்றுத்தந்தார். மாமாவின் பேண்ட், மேலே உன் வெள்ளைச் சட்டை, இதுதான் என் டிரெஸ். குழாயடியில் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே. இடது பக்கம் கொஞ்ச தூரத்தில் இருக்கும் செங்கம் ரோட்டில் டீ குடிக்க வேண்டும் என்றாலும் அண்ணாமலையார் மலையை வலமாகச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

"மலை எப்பவும் உன் சோத்துக்கை பக்கமே இருக்கணும். இடமா சுத்துனா பாவம், புரிதா?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதனால் நம் தோட்டத்து வாசலில் வலது பக்கம் திரும்புவேன். டவுன் ஓரமாகப் போய், மலையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் வலது பக்கம் திரும்பினால் நம் தோட்டம். ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மலை சுற்றும் ரோட்டிலேயே இருக்கும் கடைக்கு வண்டி பார்க்கப் போன அன்று, "உனுக்கு இன்னா தெரியும்" என்று சித்தப்பாவும் கூடவே வந்தார். கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "சாருக்கு எந்த வண்டி காட்டட்டும்?" என்று அவரைக் கேட்டார். சித்தப்பா நேராகப் போய் இருப்பதிலேயே கனமான வண்டியைத் தட்டினார். "வண்டின்னா இது. ஸ்டார்ட் பண்ணா தெருவே திரும்பிப் பாக்கும்."

நான் கையோடு ஒரு சாமந்தி மூட்டையைக் கொண்டுபோயிருந்தேன் அப்பா. அதைப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லி, ஏறி உட்கார்ந்தேன். கட்டைவிரல் மட்டும்தான் தரையைத் தொட்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, கடைக்காரரும் சித்தப்பாவும் ஓடிவந்து பிடித்தார்கள். அடுத்தது சிவப்பு வண்டி. அழகென்றால் அப்படியொரு அழகு, ஆனால் மூட்டை வைக்க அதில் இடமே இல்லை. கடைசியாக மூலையில் இருந்த கறுப்பு வண்டி. மூட்டையோடு உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன.

"அம்மா, இதுல ஸ்பீடு கம்மி" என்றார் கடைக்காரர்.

"ஸ்பீடு ஜாஸ்தியாயி நான் கீழ வுழுந்தா பூ எப்படிங்க போய்ச் சேரும்? எனுக்குக் கால் எட்டணும்."

"சரி, ஓட்டிப் பாருங்க. லெஃப்ட்ல திரும்பி, அந்தப் புளியமரத்தாண்ட போயிட்டு வந்துடுங்க."

"ஓட்டிக் காட்டுனாதான் வண்டி. இல்லன்னா இத்தோட பேச்சு முடிஞ்சிது" என்றார் சித்தப்பா.

வாசலுக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இடது பக்கம் நான் திரும்பியதே இல்லை! இத்தனை நாளில் ஒரு தடவைகூட இல்லை. உன் தோட்டம், அம்மாவின் குனிந்த தலை, எல்லாம் கண்முன் வந்தது. ஹேண்டில் தன்னால் வலது பக்கம் போனது. போனது போனதுதான். அந்தக் கடைக்குத் திரும்பி வர எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. முழு மலை!

சுற்றினேன் அப்பா. பயமெல்லாம் கொஞ்ச தூரம்தான். பிறகு காற்று உன் சட்டைக்குள் புகுந்து படபடத்தது, மலை கூடவே வந்தது. நம் தோட்டத்தைத் தாண்டும்போது அம்மா வேலியோரம் நின்றிருந்தாள். நிறுத்தாமல் ஹாரன் அடித்தேன். அவள் வாயில் கை வைத்தபடி நின்றாள்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது சித்தப்பா ரோட்டிலேயே நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் புளியமரம் வரை போய்த் தேடிவிட்டு வந்திருந்தார்.

"எங்கடி போன?"

"கிரிவலம் போயிட்டு வந்தேன் சித்தப்பா."

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "மொத சுத்தே அண்ணாமலையாரையா! இனி இந்த வண்டிக்கு ஒரு கொறையும் வராதும்மா."

மலை சுற்றிவிட்டு வந்தவளை நம் ஊரில் யார் திட்டுவார்கள்? சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் டாங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணன் சட்ட உனுக்கு நல்லாத்தான் கீது. தோட்டத்த நீயே பாரும்மா" என்றார். அவர் குரலே உன் குரல் மாதிரி இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

பொங்கலும் வந்து போய்விட்டது. இப்போது கடைவீதியில் முதல் மூட்டை என்னுடையதுதான், ஒரு மொட்டும் வாய் திறப்பதில்லை. பூவைப் போட்டுவிட்டு மீதி மலையையும் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். "கௌரிக்கு எம்மாம் பக்தி" என்று ஊரே பேசுகிறது. காரணம் உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

வண்டியை ஏன் உன்னிடம் கொண்டுவந்து காட்டவில்லை என்று நினைத்திருப்பாய். நடந்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாளே தவிர, வண்டியில் வரவில்லையே என்று வருத்தமா? நீ படுத்திருக்கும் இடத்துக்கு ரோட்டிலிருந்து இடது பக்கம் திரும்ப வேண்டும் அப்பா.

களத்துமேட்டில் கல்லை நட்டு, இடமாகச் சுற்றிப் பழகிக்கொண்டிருக்கிறேன். மாமா மட்டும் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. நேற்று கால் ஊன்றாமல் முழுசாகத் திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். பூவைக் கடையில் போட்டதும், ஒரு பந்து மல்லியை உனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டு, இடது பக்கம் திரும்பி வருகிறேன். ஹாரன் சத்தம் கேட்டால் வேறு யாரோ என்று நினைக்காதே.

இரண்டு காலும் தரையில் பதிந்து நிற்கும்,
உன் மூத்த மகள்
கௌரி