புகையில்லாத காரின் கணக்கு

ஜூலை 10, வியாழன்

காற்று. மழை இல்லை. பிளஸ் ஒன் இயற்பியல் விடைத்தாள் ஒரு கட்டு பாக்கி.

காதுகுத்து விருந்தில் என் மூத்தார், இவருடைய அண்ணன், என் காரைக் கேவலப்படுத்தினார். பந்தியில், அத்தனை பேர் முன்னால். "உம்பட காரு உடற பொகையிலதான் ஊருப் புள்ளைங்களுக்கு இருமலு. எம்பட காரப் பாரு, பொகை வருதா?" எலெக்ட்ரிக் கார் வாங்கியதிலிருந்து இதே பேச்சு. எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சொன்னாரென்று என் டீசல் கார் சாவியைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் பழைய இரும்புக்காம்.

அப்பா கொடுத்த கார். மோகனூரில் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்க்க நான் யாரையும் கேட்காமல் போய்வருவது அதில்தான். விடமாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

கணக்குப் போட்டேன். நூறு கி.மீ.க்கு:

என் கார்: டீசல் 5.6 லிட்டர். லிட்டருக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 15 கிலோ.

அவர் கார்: 15 யூனிட். யூனிட்டுக்கு 3.6 மெகாஜூல், ஆக 54. புகை அனல் மின் நிலையத்தில் வருகிறது, முக்கால் கிலோ வீதம். 40 கிலோ.

நாற்பது! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப் போகிறேன்.

மதியம், ஸ்டாஃப் ரூம். தப்பு. முக்கால் கிலோ என்பது யூனிட்டுக்கு, மெகாஜூலுக்கு அல்ல. சரியான விடை 11. அவர் காரே தேவலாம். பிள்ளைகள் இப்படிப் போட்டால் மார்க்கை வெட்டுவேன். வயிற்றெரிச்சல்.

ஆனால் 15 யூனிட் என்பது கம்பெனிக்காரன் சொல்வது. உண்மையில் எவ்வளவு இழுக்கிறது? சாயங்காலம் மூத்தார் மனைவியிடம், அக்கா, வீட்டில் யூனிட் எவ்வளவு ஏறியது என்று கேட்டேன். அவர் பாவம், சூது தெரியாதவர்.

"ஊட்ல எங்க சாமி சார்ஜ் போடறாங்க? தோட்டத்து மோட்டார் ரூம்லதான். அது இலவசக் கரண்ட்டு, மீட்டரே கெடையாதில்ல."

அடப்பாவி. வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அரசாங்கம் கொடுக்கிற கரண்ட்டில் ஊர் சுற்றிக்கொண்டு எனக்குச் சுற்றுச்சூழல் பாடம்.

ஜூலை 12, சனி

மின்வாரியத்தில் எழுதிப் போடுகிறேன் என்று இவரிடம் குதித்தேன். இவர் தலை நிமிராமல், "தோட்டத்துக் கரண்ட்டு சர்வீஸு எம்பேர்ல இருக்குது" என்றார். போச்சு. மாட்டினால் இவர்தான் மாட்டுவார்.

நாளை காலை மூத்தார் சேலம் ஜங்ஷன் போகிறார். மகனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் அப்பா அம்மா சென்னையிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட அவசரம். இன்று கரூர் போய்வந்ததில் பேட்டரி காலி. மோட்டார் ரூமில் காரைச் சொருகியிருக்கிறார்.

இருட்டும் முன் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். ஃபியூஸ் கட்டை இப்போது என் டிபன் பாக்ஸில். ஒரு ராத்திரித் தண்ணீர் இல்லாவிட்டால் வெற்றிலை செத்துவிடாது.

ஜூலை 13, ஞாயிறு

விடியலில் வாசலில் மூத்தார். கையில் என் சாவி. மோட்டார் ரூமில் கரண்ட் இல்லையாம். முகூர்த்த நாள், வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லையாம். இவருக்கு ஓட்டத் தெரியாது. என் காரின் கிளட்ச் என் காலுக்கு மட்டும்தான் அடங்கும், அதுவும் அவருக்குத் தெரியும். "நீயே வந்துரு சாமி" என்றார். போனேன்.

நாமக்கல் தாண்டியதும், "கொஞ்சம் வெரசாப் போ சாமி, ரயிலு வந்துரும்."

"அம்பதுக்கு மேல போனா டீசல் நெறையாக் குடிக்குமுங்க மாமா. பொகையும் சேத்தி வருமுங்க."

உண்மைதான். இந்தத் தடவை கணக்கில் தப்பில்லை. ஐம்பதிலேயே போனேன். லாரிகள் ஹாரன் அடித்து முந்திப் போயின. அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வியர்த்துக்கொட்டியது. எனக்கு ஜில்லென்று இருந்தது.

ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலம் வந்தபோது ரயில் வந்து முக்கால் மணி நேரம். ஸ்டேஷன் வாசலில் சம்பந்தியம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார். பெண்ணின் அப்பா மூத்தாரின் வணக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை. நான் பின்கதவைத் திறந்து, ஏறுங்கம்மா என்றேன்.

திரும்பும்போது எண்பதில் வந்தேன். இறங்கும்போது மூத்தார் சாவியைக் கேட்கவில்லை.