இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க

மார்ச் 3, செவ்வாய்

மேஜைமேல் நான் செய்துகொண்டிருக்கும் மாதிரிக் கப்பலின் முன் பாய்மரம் இன்றும் நேராக நிற்கவில்லை. வலப்பக்கத்துக் கயிறுகளை இழுத்துக் கட்டினால் மரம் வலப்பக்கம் சாய்கிறது. சரி என்று இடப்பக்கத்தை இழுத்தால், வலப்பக்கம் தொய்ந்து துணி காயப்போடும் கொடிபோலத் தொங்குகிறது.

இழுவிசைப் பாடத்துக்கு வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் கயிறு இழுக்கும் போட்டிதான். இரண்டு அணியும் சமமாக இழுத்தால் நடுவில் கட்டிய கைக்குட்டை அசையாது, பார்த்தீர்களா என்பேன். ஒரே ஓர் அணி மட்டும் மைதானத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

கப்பலின் உடலும் தளமும் தங்கை இங்கே இருந்தபோதே முடிந்துவிட்டன. மரவேலை என்னுடையது. கயிறும் முடிச்சும் அவளுடையவை. தையல்காரி விரல் அல்லவா. அவள் ஒரு பக்கம் இழுத்துப் பிடிப்பாள், நான் மறுபக்கம். இப்போது மறுபக்கம் யார்?

மார்ச் 4, புதன்

நூல் நுனியில் துணி மாட்டும் கிளிப்புகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கனம் போதவில்லை. ஆனால் கிளிப் குறை சொல்வதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தங்கை போன் செய்தாள்.

"எப்பக்கா வர்றே?"

"கப்பல் முடியட்டும்."

"சரி. முடிச்சிட்டே வா."

அவ்வளவுதான். அக்டோபரில் அவள் கல்யாணம் ஆனதிலிருந்து இதேதான். பேன்ட் நீளம் குறைக்க அவளுடைய கடைக்கு வந்த மருந்துக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், இத்தனை தூரம் வந்துவிட்டார். அறுபதை நெருங்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஊர் கேட்டது. நான் கேட்கவில்லை. சாட்சிக் கையெழுத்து போட்டேன், படத்துக்குச் சிரித்தேன், பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்கு இன்றுவரை போகவில்லை.

அவளும் வரவில்லை. வா என்று நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை. கூப்பிட்டுத்தான் வரவேண்டுமா, அவள் பிறந்த வீட்டுக்கு?

தையல் மெஷின் போனபிறகு சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்கிறது. எத்தனை வருஷமாகச் சொட்டுகிறதோ.

மார்ச் 11, புதன்

மாடிப்படியில் கீழ்வீட்டு டிரைவர் மனைவி வழிமறித்தாள். "என்ன டீச்சர், உங்க கப்பல் எப்பக் கெளம்புது? நானும் ஏறிக்கறேன், இந்த மனுஷன் தொல்லை தாங்கலை." அப்புறம், இயல்பாக, "தங்கச்சி வர்றதே இல்லையே?"

வேலை அதிகம் என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை.

மேலே வந்து கயிற்றை இழுத்தேன். கோபத்தில் இழுக்கக் கூடாது. பக்கக் கயிற்றைத் தளத்தோடு சேர்த்து இறுக்கும் உருண்டைக் கட்டை — மூன்று துளை, பட்டன் மாதிரி இருக்கும் — பட்டென்று பிய்ந்து வந்துவிட்டது. போதும்ப்பா. யாருக்காக இதெல்லாம்? நிலையாக நிற்கும் கயிறு தார் பூசியதுபோலக் கறுப்பாக இருக்கணும், பாயை ஏத்தி இறக்கற கயிறு வெளுப்பா இருக்கணும், இருநூறு வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும்னு — யாரு வந்து பாக்கப்போறா?

மார்ச் 15, ஞாயிறு

போன் ஒருமுறை அடித்து நின்றுவிட்டது. கைப் பசையைத் துடைத்துக்கொண்டு போவதற்குள்.

நானாகத் திருப்பிப் பேசியிருக்கலாம்.

மார்ச் 19, வியாழன்

மருந்துக்கடைக்காரர் மாதம் ஒருமுறை என் பிரஷர் மாத்திரையைக் கொண்டுவந்து தருவார். வாசலிலேயே வாங்கிக்கொள்வேன். உள்ளே வாங்க என்று சொன்னதில்லை. என்னைவிட வயதில் மூத்தவர், அக்கா என்று கூப்பிட வராது, டீச்சர் என்பார்.

இன்று அவர் மணி அடித்தபோது வலப்பக்கக் கயிறு என் விரலில், இடப்பக்கக் கயிறு என் பல்லில். பசை வைத்தாகிவிட்டது. விட்டால் போச்சு. கதவு திறந்துதான் இருக்கிறது என்று பல்லைக் கடித்தபடியே கத்தினேன். என்ன சத்தம் வந்ததோ, மனிதர் செருப்போடு உள்ளே ஓடி வந்தார்.

"டீச்சர்! என்ன ஆச்சு? பேச வரலையா? அந்தக் கையைத் தூக்குங்க பாப்போம்!"

பக்கவாதம் என்று நினைத்துவிட்டார். பல்லில் இருந்த நூலைக் கண்ணால் காட்டினேன். புரிந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

"பசை காயற வரைக்கும்."

"எப்பக் காயும்?"

"நீங்க பேசாம இருந்தா சீக்கிரம்."

வாயை மூடிக்கொண்டார். முதுகை வளைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "டீச்சர், இதுல மூணு மரம் இல்லையா?"

"ரெண்டு மரக் கப்பல்தான் இது. ஏன்?"

அவர் காது சிவந்துவிட்டது. "நான் மூணுன்னு சொல்லிட்டேனே."

"யார்கிட்ட?"

"வீட்லதான். ஒவ்வொரு தடவையும் இங்கேருந்து போனதும் பிடிச்சுக்குவா. கப்பல் எந்த அளவுல இருக்கு, அக்கா இளைச்சிருக்காளான்னு. நீங்கதான் என்னை வாசலோட அனுப்பிடறீங்களே. நானா எதையாவது சொல்லுவேன். போன மாசம் மூணு மரமும் நின்னுடுச்சுன்னேன். அஞ்சு கொடி ஏத்திட்டாங்கன்னேன்."

இந்தக் கப்பலுக்கு எத்தனை மரம் என்று அவளுக்குத் தெரியாதா? துளை போட்டபோது பிடித்துக்கொண்டதே அவள்தான்.

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல. இன்னும் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தா. அப்புறம் உக்காந்து, நல்லா இருக்கற தையலையே பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சா."

"இவ்வளவு கேக்கத் தெரியுது. வரத் தெரியாதாக்கும்?"

அவர் நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட்டா, 'நான் போய் நின்னா, திரும்பி வந்துட்டேன்னு அக்கா சந்தோஷப்பட்டுடுவா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு நான் எப்படிக் கெளம்பறது'ங்கறா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை, டீச்சர். உங்களுக்குத் தெரியுமா?"

 பசை எப்போதோ காய்ந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அவரும் விடவில்லை.

மார்ச் 20, வெள்ளி

அவள் சொன்னது பொய்யா? இல்லை. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் பெட்டியோடு நிற்பாள் என்றுதானே கதவைத் திறந்தேன். அதனால்தான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். மனிதர் அதையும் கவனித்திருப்பார்.

மாலையில் நானே போன் செய்தேன்.

"முன் மரம் நின்னுடுச்சு. பெரிய மரத்துக்கு ஒரு கை வேணும். ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ."

அந்தப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸுக்கு உன்னை ஏத்தி விட்டுடறேன்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். குரல் உடைந்திருந்தது. சளி என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தவள் நேரே கப்பலிடம் போனாள். கையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தாள். "மூணாவது மரம் எங்கக்கா? கொடியையெல்லாம் எந்த மகராசி கழட்டிட்டா?" இருவரும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டில் ஜன்னல் திறந்தது.

பிறகு வேலை. பேச்சு அதிகமில்லை. "இழு." "ம்." "இன்னும் கொஞ்சம்." "போதும்." நான் கட்டிய முடிச்சுகளில் நாலைந்தைச் சத்தமில்லாமல் அவிழ்த்துத் திருத்தினாள். பார்க்காததுபோல இருந்தேன்.

ஐந்து மணிக்கு ஊசியைக் குத்தி வைத்தாள். "வீட்டுக்குப் போகணும்க்கா. அவர் வந்துடுவாரு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கூட்டம் ஏறுவதற்குள் கிளம்பு என்று அவள் பையை எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்டாப்பில், அடுத்த தடவை மாப்பிள்ளையைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல் என்றேன். தலையாட்டினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு. பஸ் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை நின்றேன்.

வரும் வழியில் ரொட்டி வாங்கினேன். கடைக்காரர் வழக்கம்போல இரண்டு பேருக்கு வரும் பெரிய பாக்கெட்டை எடுத்தார். சின்னது போதும் என்றேன்.