வியாழக்கிழமைத் துடிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படியிருக்கிறது? சாப்பாட்டுக்குப் பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்த உடற்பயிற்சி ஆய்வுக்கூடத்தில் முதல் பாடமே சும்மா இருப்பதுதான். ஒருவரை ஓடவிடுவதற்கு முன்னால், ஓய்வில் அவர் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று தெரிய வேண்டுமாம். அதற்காக ஏழு நாள் காலையில் நெஞ்சில் துடிப்பை அளக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் படுத்துக் கிடந்தேன். மற்ற ஆறு நாளும் எழுபத்தெட்டுக்குக் குறையவில்லை. வியாழக்கிழமை மட்டும் அறுபத்தாறு.

"முந்தின நாள் என்ன புதுசா பண்ணினே?" என்று பேராசிரியை கேட்டார்.

குறிப்பேட்டைப் புரட்டினோம். தூக்கம், சாப்பாடு, காபி எல்லாம் வழக்கம்போலத்தான். புதன்கிழமை மாலை உங்கள் கடிதம் வந்திருந்தது.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது அப்பா. நீங்கள் எழுதிய நாலு வரி கடல் தாண்டி வந்து, என் நெஞ்சுக்குள் இறங்கி, கம்ப்யூட்டர் திரையில் கோடாகத் தெரிகிறது!

பேராசிரியை சிரிக்கவில்லை. "ஒரு தடவை நடந்தா தற்செயல்மா. திரும்பத் திரும்ப நடந்தாதான் ஆதாரம்," என்றார்.

ஆகவே வாராவாரம் எழுதுங்கள். கடிதம் வராத வாரங்களையும் அளந்து ஒப்பிட வேண்டுமாம். ஆய்வு கெட்டால் கெடட்டும், அந்த வாரங்கள் எனக்கு வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்