பின்விளிம்பில் நீ வைத்த துணி

இன்று காலை அச்சிலிருந்து புது இறக்கை ஒன்றைப் பிரித்து எடுத்தார்கள். பக்கத்தில் போய் நின்றதில் பிசின் வாடை துப்பட்டாவில் ஏறிவிட்டது. மதியம் சாப்பிடும்போதும் அதே வாடைதான். நீ இருந்திருந்தால், "ஏசி ரூம்ல குந்திக்கினு கீறவங்களுக்கு இதெல்லாம் ஆவாது மேடம்" என்று சிரித்திருப்பாய். நம் இருவருக்கும் ஒரே வயது. கேலி செய்ய வேண்டுமென்றால் மட்டும் நான் உனக்கு மேடம்.

ஒரகடத்தில் ஆளில்லா விமானம் செய்யும் இந்தச் சின்னத் தொழிற்சாலையில் இறக்கையின் வடிவத்தைக் கணினியில் கணக்கிடுவது என் வேலை. கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் நனைத்து, அச்சில் அடுக்கடுக்காக ஒட்டி, அதை நிஜ இறக்கையாக்குவது உன் வேலை. வடக்குப்பட்டில் நீ ஏறும் கம்பெனி பஸ்ஸில் எனக்கும் ஒரு சீட் எப்போதும் இருக்கும். பையைப் போட்டுப் பிடித்து வைத்திருப்பாய்.

இறக்கையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்தை என் நிரல் ஆயிரக்கணக்கான தடவை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கும். தூக்குவிசை குறையக் கூடாது, காற்றின் இழுவை குறைய வேண்டும். அதனிடம் நான் சொன்னது அவ்வளவுதான். எவ்வளவு மெல்லியதாகப் போகலாம் என்று எல்லை வைக்க மறந்துவிட்டேன். அது பாட்டுக்குப் பின்விளிம்பைச் சீவித் தள்ளியது. திரையில் இழுவை நன்றாகக் குறைந்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வரைபடத்தைப் பார்த்ததும் நீ கேட்டாய்: "இன்னா இது, இறக்கையா, ஷேவிங் பிளேடா? அச்சுலேர்ந்து எடுக்கும்போதே பிச்சிக்கும்."

"கணக்கு சரியாத்தான் வந்திருக்கு. நீ செஞ்சு குடு" என்றேன்.

இரண்டு இறக்கைகள் பிரிக்கும்போதே கிழிந்தன. மூன்றாவதில், யாரிடமும் சொல்லாமல், பின்விளிம்பு நெடுக ஒரு பட்டைத் துணியைக் கூடுதலாக வைத்து ஒட்டினாய். அது கிழியவில்லை. ஆனால் சோதனையில் இழுவை என் கணக்கைவிடக் கூடுதலாக வந்தது. அளந்து பார்த்தேன், பின்விளிம்பின் தடிமன் கூடியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், "உற்பத்திப் பிரிவு வரைபடத்தை மீறியது" என்று அறிக்கையில் எழுதி, மீட்டிங்கிலும் படித்தேன். அந்த மாதம் உன்னை லைன் லீடர் ஆக்குவதாக இருந்தார்கள். ஆக்கவில்லை.

அதன் பிறகு, என் வரைபடப்படியே இன்னொருவர் படாதபாடு பட்டு ஒன்றைக் கிழியாமல் எடுத்தார். சித்திரை வெயிலில் இரண்டு நாள் வெளியே கிடந்ததில் அதன் பின்விளிம்பு அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. நெளிந்த வடிவத்தை அளந்து நிரலில் கொடுத்தேன். இழுவை உன் இறக்கையைவிட எவ்வளவோ அதிகம். உன்னுடையதும் அதே வெயிலில்தான் கிடந்தது. அப்படியே இருந்தது.

தப்பு என்னுடையதுதான் என்று சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் வைத்து உன்னிடம் சொன்னேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாய். "என்னாண்ட சொல்லிட்ட, சரி. மீட்டிங்ல கேட்டு எழுதிக்கினது அவங்க தானே? அங்க சொல்லு."

சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் ஆகட்டும், இந்த ஆர்டர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். நிரலில் மட்டும் பின்விளிம்புக்கு ஒரு குறைந்தபட்சத் தடிமனைச் சத்தமில்லாமல் சேர்த்தேன். பயம்தான், வேறென்ன. எட்டு மாதம் ஓடியது. நீ ஒரு நாளும் மறுபடி கேட்கவில்லை. பஸ்ஸில் சீட் பிடித்து வைப்பதையும் நிறுத்தவில்லை. அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாளில் போய்விட்டாய்.

போன திங்கட்கிழமை மீட்டிங்கில், புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் கேட்டான்: "இந்தத் தடிமன் எல்லை எதுக்கு? எடுத்துட்டா இழுவை இன்னும் குறையுமே?"

உற்பத்தி வசதிக்காக என்று சொல்லி முடித்திருக்கலாம். பழைய அறிக்கையைத் திரையில் திறந்தேன். தப்பு என் கணக்கில், மீறியதாக நான் எழுதியவள்தான் இறக்கையைக் காப்பாற்றினாள் என்றேன். உன் பெயரைச் சொன்னேன். திருத்திய அறிக்கையை அங்கேயே எல்லோருக்கும் அனுப்பினேன்.

வந்து ஒரு மாதமே ஆன மேனேஜர், நல்ல மனிதர், பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "இவங்கள லீடராப் போட்டிருக்கணுமேம்மா. இப்ப எந்த ஷிப்ட்ல இருக்காங்க?"